இறைக்காதலும் பெயர்வேட்கையும்

தமிழ் அகப்பாடலுக்குத் தொல்காப்பியர் வகுத்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் தலைவனையோ தலைவியையோ இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது அகத்திணையியல் உரைக்கும் நெறி. காதலிப்பவன் எந்நாட்டு வேந்தன், காதலிக்கப்பட்டவள் எக்குடியிற் பிறந்தவள் என்பன அகத்துக்கு வேண்டாதவை. பெயர் நுழைந்த அக்கணமே பாட்டு வீட்டைவிட்டு வீதிக்கு வந்துவிடுகிறது, அகம் புறமாகிவிடுகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசன் பெயர் ஓரிடத்தும் இல்லை. எனினும் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பெற்றிருந்தது என்ற குறிப்பொன்று வந்தமையால், தலைவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிட்டது என்று கொண்டு, நச்சினார்க்கினியர் அதனைப் புறப்பாட்டு என்றே வகுத்தார். ஒரு வேப்பந்தழை அளவுக்குக்கூட அகம் அடையாளத்தைப் பொறாது என்பது அவ்வுரையாசிரியரின் துணிபு.

இதனை யாம் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லி வருகிறோம். மாணவர் குறித்துக்கொள்கின்றனர், தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகின்றனர், அத்துடன் அது முடிந்துவிடுகிறது. ஆயின் இவ்விதி இலக்கணத்தோடு நிற்பதன்று. வாழ்க்கைக்கும், குறிப்பாக இறைவனை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்போன்றோர் வாழ்க்கைக்கும் உரியது என்பதே ஈண்டுச் சொல்லப் புகுவது. இறைக்காதல் அகத்திணை. அதிற் பெயர் பொறிக்க இடமில்லை. நாமோ அதனைப் புறத்திணையாக்கி, பாடாண் பாடுவோரையும் உடன் அழைத்துக்கொண்டு திரிகிறோம்.

புகழை விரும்புதல் தமிழ் மரபில் இழிவன்றே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். புகழ் கிடைக்குமெனின் உயிரையும் கொடுக்கும் பெரியோரால் இவ்வுலகம் நிலைபெறுகிறது என்று பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. திருவள்ளுவரும் புகழுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆயின் அதனை எங்கே வைத்தார் என்பதே நோக்குதற்குரியது. 23ஆம் அதிகாரம் ஈகை. 24ஆம் அதிகாரம் புகழ். 25ஆம் அதிகாரமாகிய அருளுடைமையோடு துறவறவியல் தொடங்குகிறது. கொடுத்தவனைத் தேடிக்கொண்டு புகழ் பின்னே வருகிறது. அதனையும் பின்னே விட்டு நடப்பவனுக்கே துறவறத்தின் வாயில் திறக்கிறது. நம் காலத்தில் இவ்வரிசை மாறிப்போயிற்று. முதலில் புகழுக்கான ஏற்பாடு, அதன்பின் ஈகை. பதாகை அச்சுக்குப் போனபிறகே எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு எழுகிறது.

சங்கத் தொகைகளிலேயே பெயர் தொலைந்த புலவர் பலர் உளர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. அவரவர் பாட்டில் வரும் தொடரையே எடுத்துத் தொகுத்தோர் பெயராக்கினர். பாடியவர் மறைந்தார், செம்மண்ணிற் பெய்த மழைநீரும், முற்றத்தில் விளையாடிய அணிலும் நின்றன. ஒரு புலவர்க்கு இதனினும் பெரிய பேறு உண்டோ என்று யாம் பலகால் எண்ணியதுண்டு.

இனி நம் ஞான மரபுக்கு வருவோம். பஸராவில் வாழ்ந்து கி.பி. 801இல் மறைந்த ராபியா அம்மையாரை (ரஹ்), நரகத்துக்கு அஞ்சியும் சுவர்க்கத்தை விரும்பியும் வணங்காமல், இறைவனை அவனுக்காகவே நேசித்தவர் என்று சூபி மரபு போற்றுகிறது. அச்சம் ஒன்று, ஆசை ஒன்று; இவ்விரண்டையும் கடந்தார்க்கும் மூன்றாவதாக ஒரு கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. ‘இவர் எல்லாம் கடந்தவர்’ என்று ஊரார் சொல்லும் சொல்லே அது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் நைஷாப்பூரில் தோன்றிய மலாமத்தியர் என்போர் இக்கண்ணிக்கு அஞ்சித் தம் நன்மைகளை மறைத்தனர். ஊரார் பழித்தாலும் பொறுத்தனர். அதிலும் ஓர் ஆபத்து உண்டு என்று கண்டவர் லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி (ரஹ்). பழிப்பை வலிந்து தேடுபவனும் பிறர் பார்வையைத்தானே தேடுகிறான் என்பது அவர் கருத்து. எவ்வளவு நுட்பமான நோய் பாருங்கள்! மருந்தாக எடுத்துக்கொண்டதே நோயாகி நிற்கிறது.

தமிழில் இக்காதலைப் பாடியவருள் குணங்குடி மஸ்தான் சாகிபு தலைநிற்பவர். தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்த அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி பெற்றார். பேசி வைத்த திருமணத்தை மறுத்துத் துறவு பூண்டார். மதுரைப் பக்கம் வந்து, திருப்பரங்குன்ற மலைமேல் சிக்கந்தர் தர்கா இருக்கும் இடத்தில் நாற்பது நாள் தனித்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர்க் காடும் மேடும் அலைந்து, வடசென்னையை அடைந்து, 1838இல் அங்கேயே மறைந்தார். மஸ்தான் என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டமன்று. இறைக்காதலில் தம்மை மறந்து திரிந்தமை கண்டு மக்கள் இட்ட பெயர் அது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர், தாம் சைவராயிருந்தும், அவர்மீது நான்மணிமாலை பாடினார். இவ்வொன்றே அக்காலத் தமிழுலகம் அவரை எவ்வாறு நோக்கியது என்பதற்குப் போதிய சான்று.

மஸ்தான் சாகிபின் பாடல்களைப் படிப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பாடும் புலவன் தன் ஊரையும் பேரையும் முத்திரையாகப் பாட்டின் கடைசியிற் பதிப்பது வழக்கம். இவரோ முகியித்தீன் சதகத்தில், குணங்குடி என்ற தம் ஊர்ப்பெயரைத் தம் ஞானகுருவாகிய முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் வாழும் இடமாக ஆக்கிவிடுகிறார். குணங்கள் குடியிருக்கும் இடம் என்ற பொருளும் அதனுள் அடங்கிவிடுகிறது. தம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தம் குருவை அமர்த்திவிட்டு இவர் விலகி நின்றுகொண்டார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் என்று வழங்கி, அவர் வாழ்ந்த பகுதி தொண்டியார்பேட்டை ஆயிற்று என்பர். அதுவும் நாளடைவில் மருவித் தண்டையார்பேட்டை என்று நிற்கிறது. நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிப் பேருந்தில் சீட்டு வாங்கும் ஆயிரக்கணக்கானோர் அதனுள் ஒரு ஞானியின் ஊர் ஒளிந்திருப்பதை நினைப்பதில்லை. அவர் இதனை அறிந்தால் வருந்தியிருக்கமாட்டார் என்பது எம் எண்ணம்.

தன்னை அறிந்தவன் தன் இறைவனை அறிவான் என்ற கருத்துடைய அரபு முதுமொழி ஒன்று நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும். பலர் அதனை நபிமொழி என்றே கூறிவிடுகின்றனர். ஹதீஸ் கலை வல்லார் அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூற்றாக உறுதி செய்யவில்லை. சூபிகள் வாக்காகவே கொள்வர். வாக்கு யாருடையதாயினும் பொருள் ஆழமானது. ஆயின் தன்னை அறிதல் என்பதை நாம் எளிதாகக் கொண்டுவிட்டோம். கண்ணை மூடி அமர்ந்தால் உள்ளே ஒளி தெரியும் என்பது போலப் பேசுகிறோம். உள்ளே முதலில் தெரிவது ஒளியன்று. தன்னைப் பிறர் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் ஓர் ஆள்தான் அங்கே முதலில் தெரிகிறான். நஃப்ஸ் என்று நம் பெரியோர் சொன்னது இவனையே. அவனைக் கண்டு வெட்காமல், கண்டேன் என்று ஒப்புக்கொள்வதிலிருந்தே தன்னறிவு தொடங்குகிறது.

இவ்வாறு கண்டு ஒப்புக்கொண்டவர்களுள் ஆசிரியர்களாகிய எமக்கு மிக நெருக்கமானவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1058இல் தூஸ் நகரிற் பிறந்த அவர், 1091இல் பக்தாத் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் தலைமைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அக்கால இஸ்லாமிய உலகில் அதனினும் உயர்ந்த கல்விப் பதவி வேறு இருந்ததாகச் சொல்ல முடியாது. முந்நூறு மாணவர் அவரிடம் பாடங்கேட்டனர். அமைச்சர்கள் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். இந்நிலையில் அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டார்: நான் பாடம் சொல்வது எதற்காக? கிடைத்த விடை அவரை உலுக்கிவிட்டது. இறைவனுக்காக அன்று, பதவிக்காகவும் பெயர் பரவுவதற்காகவும் என்பதே அவ்விடை. பின்னாளில் எழுதிய தன்வரலாற்று நூலாகிய ‘அல் முன்கித்’தில் இதனை அவர் ஒளிவுமறைவின்றிப் பதிந்துள்ளார்.

விடை தெரிந்தும் பதவியை விட முடியவில்லை. இன்று போய்விடலாம் என்பார். மறுநாள் காலை மனம் மாறிவிடும். 1095ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் இவ்வாறே கழிந்தது. முடிவில் அவர் நா எழவில்லை. பாடம் சொல்ல வாய் திறந்தால் சொல் வரவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள், நோய் நெஞ்சில் இருக்கிறது, மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிட்டனர். பிறகே அவர் கிளம்பினார். குடும்பத்துக்கு வேண்டியது போக எஞ்சிய பொருளையெல்லாம் கொடுத்துவிட்டு, மக்காவுக்குப் போவதாக வெளியிற் சொல்லி, சிரியாவை நோக்கி நடந்தார். திமிஷ்கு நகரப் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு நாள் முழுதும் தனித்திருந்தார். மாணவர் புடைசூழ நடந்த ஒருவருக்குத் தேவைப்பட்டது ஒரு கதவும் ஒரு தாழும்!

ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் கழித்து, 1106இல் அவர் நைஷாப்பூரில் மீண்டும் ஆசிரியப் பணி ஏற்றார் என்பதை மறந்துவிடலாகாது. பணியைத் துறத்தல் அவர் நோக்கமாக இருக்கவில்லை. முன்பு பெயரைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்பொழுது பெயரை விடச்செய்யும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்ற கருத்துப்பட அவரே கூறுகிறார். அவருடைய ‘இஹ்யா’வின் மூன்றாம் பகுதியில், மனிதனை அழிக்கும் குணங்களை ஆராயும் பத்து நூல்களுள் எட்டாவது, பதவி மோகத்தையும் ‘ரியா’ எனப்படும் முகத்துதிச் செயலையும் பற்றியது. நோன்பு தெரிய உலர்ந்த உதட்டோடு வருதல், வணக்கம் தெரியத் தளர்ந்த உடலோடு வருதல், பற்றின்மை தெரிய ஒட்டுப்போட்ட ஆடை உடுத்தல் என அவர் எடுத்துக்காட்டும் வகைகளைப் படிக்குங்கால், நம் தெருவிலேயே ஒரு மாதம் தங்கிப் போனவர் எழுதியது போலத் தோன்றும். யாரும் பாராதபடி நன்மை செய்தும், பின்னர் எவரேனும் எதிர்ப்பட்டு முதலில் ஸலாம் சொல்லவில்லையெனில் உள்ளம் சுருங்குமாயின், அங்கும் ரியா ஒளிந்திருக்கிறது என்கிறார். இதற்குமேல் ஒருவர் தப்புவது எங்ஙனம்?

பக்தாதும் நைஷாப்பூரும் நமக்குத் தொலைவு. யாம் குடியிருக்கும் காரியாபட்டியோ மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில், கருவேலமும் கரிசலும் சூழ்ந்த ஊர். சட்டமன்றத்துக்கு எம்மூரார் வாக்களிப்பது திருச்சுழித் தொகுதியில். அத்திருச்சுழியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், வழக்காடும் தொழில் செய்த சுந்தரம் ஐயரின் மகனாக வேங்கடராமன் என்னும் பிள்ளை பிறந்தார். ரமண மகரிஷி என்று உலகம் பின்னர் அறிந்தது அவரையே. அத்துவைதத்துக்கும் நம் தௌஹீதுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை யாம் அறியாதவரல்லேம். அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. வீட்டைவிட்டுப் போன ஒரு பள்ளிப்பிள்ளை எழுதிவைத்த கடிதத்தைப் பற்றியே பேசப் போகிறோம். தன்னறிவைப் பற்றி இப்பகுதியில் எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறியதும் மிகக் கனமானதும் அக்கடிதமே என்று யாம் கருதுகிறோம்.

தந்தை மறைந்தபின் மதுரையிற் சிறிய தந்தையார் வீட்டில் இருந்து, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் படித்தார் வேங்கடராமன். பாடத்தைவிட விளையாட்டில் ஆர்வம் மிக்கவர். 1896ஆம் ஆண்டின் இடையில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், சாவு வந்துவிட்டது என்ற அச்சம் திடீரென அவரைப் பற்றியது. உடல் செத்தபின் செத்துப்போவது யார் என்று உள்ளே நோக்கினார். அதன்பின் படிப்பிற் கருத்துச் செல்லவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளமாகிய ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்குப் பதினாறு வயது.

அக்கடிதம் சில வரிகளே உடையது. தொடக்கத்தில் ‘நான்’ என்று எழுதுகிறார். இரண்டொரு வரிகளுக்குள் ‘நான்’ மறைந்து ‘இது’ என்று தம்மைக் குறிக்கிறார். இதற்காக யாரும் வருந்தவேண்டாம், இதனைத் தேடப் பணம் செலவிடவும் வேண்டாம் என்பது செய்தி. முடிவில், எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. கையொப்பம் இல்லை. இலக்கணத்தில் தன்மையிடம், படர்க்கையிடம் என்று நாம் நடத்துகிறோம். ஒரே தாளில் தன்மை படர்க்கையாகி, அஃறிணையாகி, பின்னர் வெறுங்கோடாகிப் போனதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. எழுதியவர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என்று யாம் கூறோம். திட்டமிட்டிருந்தால் அது கலையாகியிருக்கும். கலையாகியிருந்தால் கீழே ஒரு பெயரும் விழுந்திருக்கும்.

இன்னொன்றும் அக்கடிதத்தில் உண்டு. தமையனாரின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற குறிப்பு. இறைவனைத் தேடிப் போகிறவர், போகும் அவசரத்திலும் ஒரு மாணவனின் கட்டணக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போகிறார். தன் பெயரை எழுத நினைவில்லை. பிறர் கட்டணம் நினைவிருக்கிறது. பின்னாளில் 1934இல் பால் பிரண்டனின் நூல் வெளிவந்து மேல்நாட்டார் திரண்டதும், 1938இல் சாமர்செட் மாம் வந்து பார்த்ததும் யாவரும் அறிந்தவை. அப்புகழெல்லாம் அவர் இருந்த இடம் நாடி வந்தது; ஈகை அதிகாரத்துக்குப் பின்னே புகழ் அதிகாரம் வருவது போல.

இக்கடிதம் எழுந்த மண்ணில் இன்று நிலவும் காட்சி வேறு. எங்கள் மாவட்டம் பெயரை அச்சிட்டு விற்கும் மாவட்டம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பின்னர், தீப்பெட்டியின் மேல் ஒட்டும் படத்தாளுக்காகச் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. நாட்காட்டியும் சுவரொட்டியும் நாடெங்கும் அங்கிருந்து சென்றன. இப்பொழுது ஊர்தோறும் பெரும்பதாகைகள். காதணி விழாவுக்கும் பதாகை. ஹஜ்ஜுக்குப் புறப்படுபவருக்கும் பதாகை. கஅபாவின் படம் ஒரு மூலையிற் சிறிதாகவும், செல்பவர் படம் நடுவிற் பெரிதாகவும் இருக்கக் கண்டுள்ளோம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் திருமணப் பதாகை ஒன்று சரிந்து விழுந்ததில் இளம் பெண் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அப்போது சில திங்கள் பதாகை குறைந்தது. பிறகு வழக்கம் திரும்பிற்று. குழல்விளக்கின்மேல் நன்கொடையாளர் பெயரைப் பெரிதாக எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிட்ட பழைய நகைச்சுவையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அது நகைச்சுவையன்று என்பதை எந்த வழிபாட்டிடத்திலும் தலை நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

அதே மாவட்டத்தில் வேறொரு கூட்டம் உண்டு. வாணத்துக்கு மருந்து செலுத்துவோர், திரி வெட்டுவோர், வீட்டுத் திண்ணையில் சரம் பின்னுவோர். வெடிப்பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும், வண்ணப்படம் இருக்கும், உள்ளே மருந்து வைத்த கையின் பெயர் இராது. அக்கைக்குரியவர் பெயர், வயது, ஊர் எல்லாம் செய்தித்தாளில் ஏறுவது விபத்து நடந்த மறுநாள் மட்டுமே. புகழைப் பற்றிப் பேசும் நாம் இம்மனிதர்களையும் நினைத்துக்கொண்டு பேசுதல் நலம்.

அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருத்தியை முன்னிட்டே இக்கட்டுரை. தாய் சரம் பின்னுபவர். மகள் பட்டப்படிப்புக்கு வந்தாள். எளிய மாணவர்க்குப் பொதுநல அமைப்புகள் கட்டண உதவி வழங்குவதுண்டு. அவற்றுள் ஒன்று அவளுக்கும் கிடைத்தது. வழங்கியது மேடையில். பெயர் சொல்லி அழைத்து, குடும்ப நிலையை ஒலிபெருக்கியில் விளக்கி, நால்வர் சேர்ந்து பிடித்த காசோலையின் ஓரத்தை அவளையும் பிடிக்கச்செய்து, படம் எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அப்படம் ஊரெங்கும் கைப்பேசிகளில் வலம்வந்தது. மறு ஆண்டு விண்ணப்பத்தாளை யாம் நீட்டியபொழுது அவள் வாங்கவில்லை. “ஐயா, இந்த வருஷம் என் பேரை அனுப்பாதீங்க. படம் எடுக்காமக் குடுக்குற இடம் இருந்தாச் சொல்லுங்க, எழுதிப் போடுறேன்” என்றாள். அப்படி ஓர் இடத்தை உடனே சொல்ல எம்மால் இயலவில்லை. அவள் தாய் கூடுதலாகச் சரம் பின்னுகிறார்.

வெளிப்படையாகக் கொடுத்தால்தானே பிறருக்கும் கொடுக்கத் தோன்றும் என்று பெரியவர்கள் கூறுவர். அது பொய்யன்று. திருமறையின் இரண்டாம் அத்தியாயமே, தர்மத்தை வெளிப்படையாகச் செய்தலும் நன்று, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தல் அதனினும் நன்று என்று இரண்டையும் வைத்துப் பேசுகிறது. பிறர் காண்பதற்காகச் செலவிடுவோனை, மேலே சிறிது மண் படிந்த வழுக்குப்பாறைக்கு அதே அத்தியாயம் உவமிக்கிறது. ஒரு பெருமழை பெய்தால் மண் போய்விடும்; பாறை மொட்டையாக நிற்கும். எங்கள் பக்கத்துக் குன்றுகளைப் பார்த்தோர்க்கு இவ்வுவமையை விளக்கவேண்டுவதில்லை. பிறர் பார்ப்பார்களே என்று அஞ்சி நன்மையை விட்டுவிடுதலும் ரியாவே என்று ஃபுழைல் இப்னு இயாழ் (ரஹ்) போன்ற பெரியோர் எச்சரித்துள்ளனர். ஆகவே கொடுப்பதை நிறுத்துங்கள் என்று யாரும் பொருள் கொள்ளற்க. கொடுப்பவர் வெளிப்படுவது ஒன்று, வாங்குபவரை வெளிப்படுத்துவது வேறொன்று. முன்னதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு. பின்னதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று யாராவது காட்டினால் நன்றியோடு கேட்டுக்கொள்வோம்.

வள்ளல் பெயரை இலக்கியம் போற்றவில்லையா என்பது மற்றொரு வினா. போற்றியதே. உமறுப்புலவர் சீறாப்புராணத்திற் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரைப் பல இடங்களில் நினைந்து பாடுகிறார். சடையப்ப வள்ளலைக் கம்பர் நினைந்தது போன்றதே இதுவும். பெற்றவன் நன்றியோடு சொல்லும் பெயர் அது. கொடுத்தவனே எழுதித் தந்து, இவ்வளவு பெரிய எழுத்தில் போடுக என்று அளவும் சொல்லும் பெயர் வேறு வகையைச் சார்ந்தது. அழைப்பிதழில் தம் பெயர் விடுபட்டதற்காகக் கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்டவரையும் யாம் அறிவோம். அவர் தீயவர் அல்லர்; ஐவேளைத் தொழுகையை விடாதவர். அந்த ஒரு வரி விடுபட்ட நாளில், தம் உள்ளே இருப்பவனை நேருக்கு நேர் காண அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அவ்வாய்ப்பை அவர் அச்சகத்தார்மேல் சினந்து கழித்துவிட்டார்.

இம்மலரிலும் இக்கட்டுரையின் மேலே எம் பெயரும் பட்டமும் அச்சாகும் என்பதை யாம் மறக்கவில்லை. மலர்க்குழுவுக்கு அது தேவை. பிழையிருந்தால் யாரைக் கேட்பது என்று வாசகர் அறியவேண்டுமே. படம் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். கேட்பார்களா என்பது மலர் கைக்கு வந்தபின் தெரியும்.

சமுதாயப் பெரியோரிடமும் கல்லூரிப் பெரியோரிடமும் யாம் வேண்டுவது சிறிது. கட்டண உதவியை மாணவரின் வங்கிக் கணக்கில் நேரே செலுத்துங்கள். பெறுவோர் பட்டியல் துறைத்தலைவர், அலுவலகக் கணக்கர், கொடுப்பவர் என மூவர் கையில் மட்டும் இருக்கட்டும். கணக்குத் தணிக்கைக்கு அதுவே போதும். இதில் விதிமுறைச் சிக்கல் ஏதுமில்லை என்று அலுவலகத்திற் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆண்டு விழா மேடையில், இவ்வாண்டு இத்தனை மாணவர்க்கு இவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்று எண்ணிக்கையை மட்டும் படியுங்கள். கொடுத்தவர் பெயரைப் படிக்கவேண்டுமென்று அவர் விரும்பினால் அதனையும் படியுங்கள். அது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ளது. அந்த மாணவிக்கு இன்னும் இரண்டு பருவங்கள் இருக்கின்றன. அடுத்த பருவக் கட்டணத்துக்கான அறிவிப்பு அடுத்த திங்களில் பலகையில் ஒட்டப்படும்.